கல்விக் கடன் விண்ணப்பம்: வேலூர் வட்டார மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, இந்தியாவுக்குள் ஒரு பட்டப்படிப்பில் சேரவிருக்கும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. வெளிநாட்டுப் படிப்புக்கான கடனுக்கு விதிகள் வேறு; அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

இப்பகுதி மாணவர்களின் விண்ணப்பங்களை உடனிருந்து நிரப்பிக் கொடுத்து வருவதில் எனக்குத் தெளிவான ஒன்று, கடன் தாமதமாவதற்கான காரணம் பெரும்பாலும் வேலைகளைச் செய்த வரிசையில் இருக்கிறது என்பதுதான். கலந்தாய்வில் கல்லூரி கிடைத்த பிறகு ஆவணங்களைத் தேட ஆரம்பிக்கும் குடும்பம், கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளன்று தாலுகா அலுவலக வாசலில் நிற்கும். தேர்வு முடிந்த ஏப்ரலிலேயே முதல் நான்கு படிகளை முடித்துவிட்ட குடும்பத்துக்கு, கல்லூரி தெரிந்த பிறகு செய்ய மிஞ்சியிருப்பது சிறு வேலைதான். எனவே, கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யவும்.

1. எவ்வளவு கடன் வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள்

கடன் கேட்பதற்கு முன், திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம் எங்கெல்லாம் கிடைக்கும் என்று பாருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் இடம் பெறுபவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த ஒதுக்கீட்டில் வருகிறோம் என்பதையே அறியாமல் கடன் படிவத்தோடு வருபவர்களை ஆண்டுதோறும் காண்கிறேன்.

குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருபவர், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கட்டணச் சலுகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகைதான் உங்கள் தேவை. கல்விக் கட்டணம், தேர்வு மற்றும் ஆய்வகக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், தேவையானால் மடிக்கணினி ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியிலோ பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலோ வீட்டிலிருந்து போய்வந்து படிப்பவருக்கு இந்தக் கணக்கின் முடிவில் கடனே தேவையில்லை என்றும் வரலாம். அப்படி வந்தால் வங்கிப் பக்கம் போக வேண்டாம்.

2. பெயரையும் முகவரியையும் ஒன்றாக்குங்கள்

இந்தப் படியில்தான் மிகுதியான விண்ணப்பங்கள் முடங்குகின்றன. காரணம், நம் ஊரில் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து. மதிப்பெண் சான்றிதழில் ‘கார்த்திக் மு’ என்றும், ஆதாரில் ‘மு. கார்த்திக்’ என்றும், பான் அட்டையில் தந்தை பெயரை விரித்து ‘முருகேசன் கார்த்திக்’ என்றும் இருக்கும். வீட்டில் யாருக்கும் இது குறையாகத் தெரியாது. கணினிக்கோ இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள். கல்லூரியின் சேர்க்கைக் கடிதம் அந்தப் பெயரில்தான் வரும் என்பதால், அதை மாற்ற முயல்வதைவிட ஆதாரை மாற்றுவது எளிது. ஆனால், ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும் மட்டுமே திருத்தலாம். அவசரத்தில் எழுத்துப் பிழையோடு திருத்திவிட்டு மறுபடியும் திருத்த ஓடினால் வாய்ப்பு தீர்ந்துபோகும். மையத்தில் தரும் ஒப்புகைச் சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை, அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும்.

பான் அட்டை மாணவருக்கும் வேண்டும், உடன் கடன்தாரராகக் கையெழுத்திடும் பெற்றோருக்கும் வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவருக்கும் பெற்றோர் வழியாகப் பான் வாங்க முடியும். பானில் தந்தை பெயர் விரிந்து வருவதைத் தவிர்க்க இயலாதபோது, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தைப் பெரும்பாலான கிளைகள் ஏற்கின்றன. எந்த வாசகத்தில் வேண்டும் என்று கிளையில் கேட்ட பிறகு எழுதி வாங்குங்கள்.

முகவரியில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர்க்காரரின் ஆதாரில் ‘வேலூர் மாவட்டம்’ என்றும், தாலுகா அலுவலகம் தந்த வருமானச் சான்றிதழில் ‘திருப்பத்தூர் மாவட்டம்’ என்றும் இருக்கும். வாலாஜா, சோளிங்கர், அரக்கோணம் பக்கத்தவருக்கு ராணிப்பேட்டை என்று மாறியிருக்கும். உள்ளூர் மேலாளருக்கு இது புரியும். ஆனால் பல வங்கிகளில் ஆவணங்களைச் சரிபார்ப்பது வேறு ஊரிலுள்ள கடன் செயலாக்க மையம் என்பதால், அங்கே இது முகவரி முரணாகப் பதிவாகிவிடுகிறது. ஆதார் முகவரியைப் புதிய மாவட்டப் பெயரோடு இப்போதே புதுப்பித்துக்கொள்ளுங்கள். கூடவே, ஆதாரோடு இணைந்த செல்பேசி எண் உங்கள் கையில் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும்.

3. பெற்றோரின் சிபில் அறிக்கையைப் பாருங்கள்

கடன் மாணவர் பெயரில் இருந்தாலும், உடன் கையெழுத்திடும் தந்தை அல்லது தாயின் கடன் வரலாற்றை வங்கி பார்க்கிறது. சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கி பார்ப்பதற்கு முன் அதை நீங்கள் பார்த்துவிடுங்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கங்களில் பீடி சுற்றும் தாய்மார்கள் பலரும் மகளிர் குழுவிலோ நுண்கடன் நிறுவனத்திலோ கடன் வாங்கியிருப்பார்கள். தம் பங்கைத் தவறாமல் கட்டியிருந்தாலும், பொறுப்பாளர் அதைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்காமல் விட்டிருந்தால், அறிக்கையில் நிலுவை என்று இருக்கும். தவணைக்கு வாங்கிய இருசக்கர வாகனத்தின் கடைசித் தவணை, எப்போதோ வாங்கிப் பயன்படுத்தாமல் விட்ட கடன் அட்டையின் ஆண்டுக் கட்டணம் போன்ற சில நூறு ரூபாய்ப் பாக்கிகளும் இப்படித்தான் வெளியே வரும்.

அறிக்கையில் கடன் ‘முடிக்கப்பட்டது’ என்றிருந்தால் நல்லது. ‘பேசித் தீர்க்கப்பட்டது’ என்றிருந்தால், முழுத் தொகையையும் கட்டவில்லை என்றே வங்கி பொருள் கொள்ளும். பாக்கி இருந்தால் கட்டிவிட்டு, கடன் இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்கி, அறிக்கையைத் திருத்தக் கோருங்கள். திருத்தம் ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால்தான் இந்தப் படியை இவ்வளவு முன்னால் வைத்திருக்கிறேன். பெற்றோரில் ஒருவரின் அறிக்கை மோசமாக இருந்தால், மற்றவரை உடன் கடன்தாரராக வைக்கலாமா என்று கிளையில் கேட்கவும்.

4. தாலுகா அலுவலகச் சான்றிதழ்களை வாங்கி வையுங்கள்

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், உரியவர்களுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படிப்படியாக மேலே போகும். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில் மாவட்டமே ஒன்றுதிரண்டு இதே சான்றிதழ்களைக் கேட்கும் என்பதால், அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

வருமானச் சான்றிதழில் வரும் தொகை, வட்டி மானியம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவு செய்கிறது. தந்தை, தாய் இருவர் வருமானத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல், காலணி நிறுவனத்தில் வேலை செய்பவருக்குச் சம்பளச் சீட்டு இருக்கும். அதில் உள்ள தொகையும் சான்றிதழில் உள்ள தொகையும் பெரிய அளவில் வேறுபட்டால், வங்கி இரண்டையுமே சந்தேகிக்கும். எனவே, விண்ணப்பத்தில் உண்மையான வருமானத்தையே சொல்லுங்கள். குறைத்துச் சொன்னால் மானியம் கூடும் என்று இடைத்தரகர் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

வட்டி மானியத்துக்கு எந்த நிலை அதிகாரி வழங்கிய, எந்த ஆண்டுக்கான வருமானச் சான்றிதழ் வேண்டும் என்று வங்கியில் கேட்டறிந்துகொண்டு விண்ணப்பித்தால், ஒரே சான்றிதழுக்கு இரண்டு முறை அலைய நேராது.

5. எந்தத் தொகைக்கு எந்த விதி என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தைப் பின்பற்றுகின்றன. அதன்படி 4 லட்சம் ரூபாய் வரை உங்கள் கைப்பணமாக எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால், உள்நாட்டுப் படிப்புக்கு மொத்தச் செலவில் 5 விழுக்காட்டை நீங்கள் போட வேண்டும். வங்கி பேச்சில் இதை மார்ஜின் என்பார்கள்.

ஈடு பற்றித்தான் தவறான செய்திகள் அதிகம் உலவுகின்றன. 4 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கல்விக் கடனுக்கான கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின் கீழ் வரும் கடனுக்கு 7.5 லட்சம் வரை சொத்து ஈடும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். பெற்றோர் உடன் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும். அதைத் தாண்டினால் பொதுவாக வீட்டுப் பத்திரமோ வைப்புத்தொகையோ கேட்பார்கள். எனவே, மார்ஜின் போக நீங்கள் கேட்க வேண்டிய கடன் 7.7 லட்சம் என்று வந்தால், மடிக்கணினியையும் புத்தகச் செலவையும் கையிலிருந்து பார்த்துக்கொண்டு 7.5 லட்சத்துக்குள் நிற்பது, பத்திரத்தை வங்கியில் வைத்துப் பல ஆண்டுகள் காத்திருப்பதைவிட மேல்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. உயர்கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் முதல் நூறு இடங்களுக்குள் வரும் நிறுவனங்கள், 101 முதல் 200 வரை வரும் மாநில அரசு நிறுவனங்கள், மத்திய அரசு நிறுவனங்கள் ஆகியவற்றைக் கொண்டு அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் அமைகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது. கல்லூரி முகவர் ‘எல்லாம் ஒன்றுதான், கடன் வாங்கித் தருகிறோம்’ என்று நிர்வாக ஒதுக்கீட்டு இடத்தைக் காட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மானியம் இரண்டு வகை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழில்நுட்ப அல்லது தொழிற்கல்விப் படிப்பில் சேர்ந்தால், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்கும் முழு வட்டி மானியம் பெறலாம். கல்லூரியோ படிப்போ உரிய அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாதவராக இருந்தால், பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. இது ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு மட்டுமே. படிப்பைப் பாதியில் விட்டாலோ, ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டாலோ மானியம் போய்விடும்.

சிறுபான்மையினருக்கு டாம்கோ, பிற்படுத்தப்பட்டோருக்கு டாப்செட்கோ ஆகிய மாநில அரசு நிறுவனங்கள் வழியாகவும் கடன் உண்டு. மேல்விஷாரம், வாணியம்பாடி மாணவர்கள், வங்கிக்குப் போகும் முன் மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் ஒரு முறை விசாரிப்பது நல்லது.

6. வங்கிக் கிளையை முடிவு செய்யுங்கள்

பெற்றோர் ஏற்கெனவே கணக்கு வைத்து வரவுசெலவு செய்துவரும், வீட்டுக்கு அருகில் உள்ள பொதுத்துறை வங்கிக் கிளையே முதல் தேர்வாக இருக்கட்டும். கல்லூரி சென்னையிலோ கோவையிலோ இருந்தாலும், கடனைப் பெற்றோர் வசிக்கும் ஊரில் வாங்குவதுதான் வழக்கம்; கையெழுத்துக்கும் பின்னால் தவணைக்கும் அதுவே வசதி.

‘உங்கள் ஊர் எங்கள் சேவைப் பகுதியில் வராது’ என்ற பதிலைச் சில கிளைகளில் கேட்பீர்கள். சேவைப் பகுதியைக் காரணம் காட்டிக் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இதைச் சண்டைக் குரலில் சொல்ல வேண்டியதில்லை. ‘அந்தக் காரணத்தை எழுத்தில் தர முடியுமா, ஐயா?’ என்று பணிவாகக் கேட்டாலே போதும், பெரும்பாலும் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார்கள்.

முதல் முறை போகும்போது மூன்று விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: கல்விக் கடனைப் பார்க்கும் அலுவலர் யார், எந்த இணையத்தளத்தில் பதிவு செய்தால் இந்தக் கிளைக்கு வரும், கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் என்ன. மாவட்டம் பிரிந்த குழப்பத்தில் தளத்தில் உங்கள் கிளை எந்த மாவட்டத்தின் கீழ் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போது, சரியான கிளையைப் பிடித்துவிட்டோமா என்பதை அந்த எண்தான் உறுதிப்படுத்தும்.

7. கல்லூரியில் முழுக் கட்டண விவரத்தை வாங்குங்கள்

இடம் உறுதியானதும் கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கைக் கடிதம், படிப்புச் சான்றிதழான போனஃபைடு, கட்டண விவரத் தாள் ஆகிய மூன்றையும் கேளுங்கள். முதல் இரண்டும் எளிதில் கிடைத்துவிடும், சிக்கல் மூன்றாவதில்தான்.

பெரும்பாலான கல்லூரிகள் முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் ஒரே தொகையாக அச்சிட்டுக் கொடுக்கும். மேலாளர் அதைக் கையில் வாங்கி, ஓரத்தில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி, இரண்டாம் ஆண்டுக்கு எதிரே கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். படிப்பு முழுமைக்கும் ஒரே தடவையில் கடனை ஒப்புதல் செய்ய வேண்டியிருப்பதால், எல்லா ஆண்டுகளின் கட்டணமும் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, தேர்வு, புத்தகம் என்று தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். கல்லூரியின் தலைப்புத்தாளில், முத்திரையோடும் பொறுப்பான அலுவலர் கையொப்பத்தோடும் வேண்டும். கல்லூரியின் வங்கிக் கணக்கு விவரமும் அதே தாளில் இருந்தால், பணம் அனுப்பும்போது இன்னொரு கடிதத்துக்கு அலைய வேண்டாம்.

வி.ஐ.டி. போல ஒரே படிப்புக்குப் பல கட்டணப் பிரிவுகள் உள்ள நிறுவனத்தில் சேர்பவர்கள், தமக்கு ஒதுக்கப்பட்ட பிரிவின் கட்டணம்தான் தாளில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விடுதியைப் பின்னால் முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டால் ஒப்புதல் தொகையில் அது சேராது; பிறகு சேர்ப்பது புதிய விண்ணப்பம் போடுவதற்குச் சமம். எனவே, விடுதியில் சேரும் வாய்ப்பு பாதியளவே இருந்தாலும் அதையும் கேட்டுவிடுங்கள். ஒப்புதல் ஆன தொகை முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை; எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி.

8. இணையத்தில் பதிவு செய்யுங்கள்

ஆறாம் படியில் கிளையில் கேட்டுக் குறித்துக்கொண்ட இணையத்தளத்தில், மாணவரே தம் செல்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொண்டு பதிவு செய்ய வேண்டும். கணினி மையத்துக்காரரின் மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டு, வங்கி கேட்ட கூடுதல் ஆவணம் பற்றிய செய்தி ஒரு மாதம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த விண்ணப்பங்கள் உண்டு. மையத்தில் உட்கார்ந்து நிரப்பினாலும், கடவுச்சொல் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

ஆவணங்களை வெளிச்சத்தில் நேராக ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் தொகையை நிரப்பும் இடத்தில் ஓராண்டுத் தொகையைப் போடுவதுதான் இங்கே அடிக்கடி நிகழும் பிழை; முழுப் படிப்புக்கான தொகையைப் போட வேண்டும். வட்டி மானியத்துக்கு விருப்பம் கேட்கும் இடத்தையும் தவறவிடாதீர்கள். சமர்ப்பித்ததும் வரும் விண்ணப்ப எண்ணோடு கூடிய பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். பின்னால் முறையிட நேர்ந்தால், நீங்கள் எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

9. கிளைக்கு நேரில் போங்கள்

இணையத்தில் பதிவு செய்தால் வங்கியே கூப்பிடும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டொரு நாளில் மாணவரும் உடன் கடன்தாரரும் சேர்ந்து, அசல் ஆவணங்களோடும் ஒரு நகல் தொகுப்போடும் கிளைக்குப் போங்கள். மாதக் கடைசியையும் திங்கட்கிழமைக் காலையையும் தவிர்த்தால், அலுவலர் உட்கார்ந்து பேசுவார்.

படிப்பு எத்தனை ஆண்டு, என்ன வேலை கிடைக்கும், குடும்ப வருமானம் எவ்வளவு, வேறு கடன் உண்டா என்பவைதான் வழக்கமான கேள்விகள். படிப்பைப் பற்றிய கேள்விக்கு மாணவரே பதில் சொல்ல வேண்டும். மகளைப் பேசவிடாமல் அப்பாவே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் குடும்பத்தில், கடனைக் கட்டப்போவது யார் என்ற ஐயம் அலுவலருக்கு எழும். வேறு கடன் இருந்தால் மறைக்காதீர்கள். நகைக் கடன் உட்பட எல்லாம் அவர் முன்னால் உள்ள திரையில் தெரியும்.

உள்நாட்டுக் கல்விக் கடனுக்கு, மாதிரித் திட்டத்தின்படி செயலாக்கக் கட்டணம் கிடையாது. ‘உள்ளே ஆள் இருக்கிறார், இரண்டு விழுக்காடு கொடுங்கள்’ என்று வெளியில் நிற்பவருக்குப் பணம் கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

10. ஒப்புதல் கடிதத்தைப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்

ஒப்புதல் வந்த மகிழ்ச்சியில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது வழக்கமாக இருக்கிறது. கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஆண்டுவாரியான தொகை, வட்டி விகிதம், அது மாறும் வட்டியா, தவணை எப்போது தொடங்கும், எத்தனை ஆண்டுகள், காப்பீட்டுப் பிரீமியம் எவ்வளவு என்று பாருங்கள். கடன் தொகையைப் பாதுகாக்கும் ஆயுள் காப்பீட்டை வங்கி கேட்கலாம்; அதற்கும், அதே மேசையில் விற்கப்படும் சேமிப்புப் பாலிசிக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மாணவருக்குப் பதினெட்டு வயது நிறையவில்லை என்றால் பெற்றோர் கையெழுத்திடுவார்கள். நிறைந்த பிறகு மாணவர் வந்து உறுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள்.

11. மறுத்தால் அல்லது இழுத்தடித்தால்

மாதிரித் திட்டத்தின்படி, முழு ஆவணங்களோடு கொடுத்த விண்ணப்பத்தை 15 முதல் 30 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். மறுப்பதாக இருந்தால், மேலதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தை மாணவருக்குத் தெரிவிக்க வேண்டும். வாய்மொழி மறுப்போடு வீடு திரும்புபவர்களே இங்கே மிகுதி. அப்படித் திரும்பினால், அடுத்து எந்தக் கதவைத் தட்டினாலும் ‘மறுத்ததற்கு ஆதாரம் எங்கே?’ என்ற கேள்விதான் முதலில் வரும்.

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சரிசெய்யக்கூடிய காரணமாக இருந்தால் சரிசெய்து மறுபடி கொடுங்கள். நியாயமற்றதாகத் தோன்றினால் அந்த வங்கியின் மண்டல அலுவலகத்துக்கும், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் கடிதம் கொடுங்கள். மாவட்டத்தில் உள்ள வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கிதான் முன்னோடி வங்கி; வேலூரில் அது இந்தியன் வங்கி. சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தாலும் அது முன்னோடி வங்கிக்குத்தான் போகும். மாவட்ட நிர்வாகம் கல்விக் கடன் முகாம் நடத்தும்போது, பல வங்கி அலுவலர்களை ஒரே கூடத்தில் பார்க்கலாம். நிலுவையில் கிடக்கும் விண்ணப்பத்தை நகர்த்த அது நல்ல இடம்.

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்கள் ஆகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். இதற்கிடையில் கல்லூரிக் கட்டணக் கெடு வந்துவிட்டால், விண்ணப்ப எண் உள்ள தாளைக் காட்டிக் கல்லூரியில் அவகாசம் கேளுங்கள். கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு வங்கிப் பணத்தில் அடைக்கலாம் என்று எண்ணாதீர்கள். கட்டிவிட்ட கட்டணத்தை வங்கி உங்கள் கைக்குத் தருமா என்பது, ரசீதையும் கிளையின் முடிவையும் பொறுத்தது.

12. ஒவ்வோர் ஆண்டும் பணத்தைக் கேட்டு வாங்குங்கள்

ஒப்புதல் ஆன தொகை மொத்தமாக வராது. கட்டணம் பருவத்துக்கோ ஆண்டுக்கோ ஒரு முறை நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகும். அடுத்த ஆண்டுக்குரியதைப் பெற, கல்லூரியின் கட்டணக் கோரிக்கைக் கடிதம், முந்தைய ஆண்டு ரசீதுகள், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைக் கிளையில் கொடுக்க வேண்டும். கெடுவுக்கு மூன்று வாரம் முன்னதாகக் கொடுங்கள். மேலாளர் மாறியிருந்தால் புதியவருக்கு உங்கள் கோப்பைத் தேடி எடுக்கவே சில நாட்கள் ஆகும்.

தேர்வில் பாடங்கள் நின்றுபோயிருந்தால் அதை மறைத்து, கோரிக்கைக் கடிதத்தை மட்டும் கொடுக்காதீர்கள். கல்லூரியிலிருந்து படிப்பு தொடர்வதற்கான கடிதத்தோடு போனால் பேச முடியும். வட்டி மானியம் உங்கள் கணக்கில் கோரப்பட்டிருக்கிறதா என்றும் ஆண்டுதோறும் கேளுங்கள். கிளை கோரவில்லை என்றால் யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

13. வட்டியைப் படிக்கும்போதே கட்ட முடியுமா என்று பாருங்கள்

மானியம் இல்லாதவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. எளிமைக்காக வட்டி 10 விழுக்காடு என்றும், நான்கு ஆண்டுகளும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் எடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் தவணை விடுப்புக் காலம். அப்போது தனிவட்டி ஏறும். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, அடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. ஆக, தவணை தொடங்கும் நாளில் 4 லட்சம் கடன் 5,40,000 ஆக நிற்கும்.

அந்தத் தொகையைப் பத்தாண்டில் கட்டினால் மாதம் ஏறக்குறைய 7,140 ரூபாய். வட்டியை அவ்வப்போது கட்டிவந்து, 4 லட்சத்தில் தவணையைத் தொடங்கினால் மாதம் ஏறக்குறைய 5,290 ரூபாய். முதலாண்டில் மாத வட்டி 833 ரூபாய்தான். நான்காம் ஆண்டில் அது 3,333 ஆகும். எல்லா மாதமும் முடியாவிட்டாலும், முடிந்த மாதங்களில் கட்டுவது வீண் போகாது. படிப்புக் காலத்தில் வட்டியைத் தவறாமல் கட்டுபவருக்கு மாதிரித் திட்டத்தில் 1 விழுக்காடு வட்டிக் குறைப்பும் உண்டு. அப்படிக் கட்டும் பணம் வட்டிக் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறதா என்று பாஸ்புக்கில் பாருங்கள்.

14. படிப்பு முடிந்த பிறகு

தவணையை அதிகபட்சம் 15 ஆண்டுகள் வரை நீட்டலாம். வேலை கிடைத்ததும் கிளைக்குத் தெரிவித்து, சம்பளக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வேலை கிடைக்கத் தாமதமானால், தவணை தவறுவதற்கு முன்பே கடிதம் கொடுத்துக் காலநீட்டிப்புக் கேளுங்கள். மூன்று தவணை தவறிய பிறகு கேட்டால் கணக்கு வாராக்கடன் பக்கம் போயிருக்கும், பெற்றோரின் பெயரும் அதோடு கெடும். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், கட்டிய வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வருமான வரிக் கழிவு பெறலாம்.

வேலைக்காகப் பெங்களூருக்கோ சென்னைக்கோ போனதும் செல்பேசி எண்ணை மாற்றுபவர்கள், புதிய எண்ணைக் கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும். கடைசித் தவணை கட்டியதும் கடன் முடிந்ததற்கான சான்றை வாங்கி, ஈடு வைத்திருந்தால் பத்திரத்தையும் திரும்பப் பெற்று, ஓரிரு மாதம் கழித்து மாணவர், பெற்றோர் இருவர் சிபில் அறிக்கையிலும் அந்தக் கணக்கு முடிக்கப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.